மார்க்கெட் போச்சு... பேர் மட்டும் பாக்கி!

ஆர்.கே.பேட்டையில் இருந்து பஸ் பிடித்து திருத்தணி. அங்கிருந்து மின்சார ரெயில். சென்னையில் எங்கே இறங்குவீர்கள்?

"சென்டிரல்" என்பீர்கள். ஆனால் புறநகர் ரெயில்கள் வந்து நிற்கும் பகுதிக்கு ரெயில்வே வைத்திருக்கும் பேர், "மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்".

"மார்க்கெட் எங்கே தாத்தா?" என்று கூட வந்த பேரன் கேட்டால் என்ன சொல்வது?

"நீ நிக்கிற இடந்தாண்டா மார்க்கெட்!" என்றுதான் சொல்ல வேண்டும்.

தீயில் போனது

1900-ல் திறந்த மார்க்கெட் அது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரை வைத்தார்கள். சிவப்புச் செங்கல் கட்டிடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, புறா... கேட்டது கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தால் பாதி விலைக்கும் கிடைக்கும்!

1985-ம் ஆண்டு மே 30-ந் தேதி தீப்பிடித்தது. கடைகள் சாம்பல். வியாபாரிகளுக்கு பக்கத்தில் அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். எரிந்த இடத்தில் ரெயில்வேயின் மாடிக் கட்டிடம் எழும்பியது. வாசலில் பழைய மார்க்கெட்டைப் போல சின்னதாக ஒரு மாதிரி வைத்தார்கள். பேரனுக்குக் காட்ட அதுதான் மிச்சம்.

அதற்கு 2 வருடம் முன்பு, 1983-ல், மவுண்ட்ரோடு ஸ்பென்சர் கட்டிடமும் தீக்கு இரையானது. அந்த இடத்தில் இப்போது ஸ்பென்சர் பிளாசா.

"தீ வெச்ச வேலை, யார் என்ன செய்ய?" என்று கேட்கலாம். சரி, தீயே இல்லாமல் சம்மட்டி விழுந்த கதையைக் கேளுங்கள்.

சம்மட்டி விழுந்தது

அதே மவுண்ட்ரோட்டில், எல்.ஐ.சி.யின் 14 மாடிக்குக் கூப்பிடு தூரத்தில் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம் இருக்கிறது. 1897-ல் டபிள்யூ.ஈ.ஸ்மித் என்ற மருந்து வியாபாரக் கம்பெனி கட்டியது. அப்போது அதற்கு "கார்டில் பில்டிங்" என்று பேர். கோபுரமும் வளைவுமாக, அரண்மனையோ என்று நினைக்க வைக்கும்.

1934-ல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி அதை வாங்கியது. 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானதும் கட்டிடம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 14 மாடி திறந்தது 1959-ல். அதாவது, நகரத்தின் புகழ்பெற்ற உயரக் கட்டிடமும், கூப்பிடு தூரத்து பழைய கட்டிடமும் ஒரே முதலாளிக்கு!

2006-ல் பழையதை இடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பகுதி உடைந்தே விட்டது. பாரம்பரியக் கட்டிடங்களுக்காகப் பாடுபடும் இன்டாக் அமைப்பு ஐகோர்ட்டுக்கு ஓடியது. சம்மட்டி நின்றது.

2010 ஏப்ரலில் தீர்ப்பு. கட்டிடத்தை இடிக்கக்கூடாது என்றது கோர்ட்டு. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பட்டியலில் இருந்த 467 கட்டிடங்களையும் கவனிக்க பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொன்னது.

மழை நிற்குமா?

அதோடு ஜெயித்தாச்சா? இல்லை!

கோர்ட்டு உத்தரவு சம்மட்டியைத்தான் தடுக்கும். மழையைத் தடுக்காது. தீர்ப்புக்குப் பிறகும் பல வருடம் அந்தக் கட்டிடம் பூட்டியே கிடந்தது.

பழைய கட்டிடம் சுண்ணாம்புக் காரையில் நிற்பது. ஆள் புழங்கினால் ஓட்டையை உடனே அடைப்பார்கள். பூட்டிப் போட்டால் தண்ணீர் இறங்கும். காக்கை போட்ட அரச விதை சுவரில் முளைக்கும். அவசரத்துக்கு சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று காரையை அரிக்கும். கடைசியில், "ஆபத்தான கட்டிடம், இடிங்க" என்று எல்லோரும் சொல்வார்கள்.

சொந்தக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மவுண்ட்ரோட்டில் மனை விலைக்கு முன்னால் செங்கல் விலை எந்த மூலைக்கு? இரண்டு மாடி இருக்கும் இடத்தில் பத்து மாடி போட்டால் வாடகை எவ்வளவு? இந்தக் கணக்குக்கு ஈடாக அரசு ஏதாவது கொடுத்தால்தான் பழையது பிழைக்கும்.

பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-ல் சட்டம் போட்டார்கள். அது அமலுக்கு வந்தது 2024-ல்தான். 12 வருடம்! அதுவரை மழை காத்திருக்குமா?

முடியாதது அல்ல

"எரிந்ததை என்ன செய்ய?" என்பவர்கள் சேப்பாக்கம் போய்ப் பார்க்கட்டும். ஆற்காடு நவாப் காலத்து கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. கூரை போனது. ஆனால் இடித்துத் தள்ளவில்லை. பொதுப்பணித்துறை பழைய முறையிலேயே சீர் செய்தது. பசுமைத் தீர்ப்பாயம் அங்கே குடியேறியது.

ஆர்.கே.பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தறியில் ஒரு இழை அறுந்தால் பிணைத்து நெய்வார்கள். பாவையே வெட்டி எறிகிறவர் உண்டா?

பாரத் கட்டிடத்துக்கு இன்னும் பேரும் இருக்கிறது, சுவரும் இருக்கிறது. பேர் மட்டும் மிஞ்சுவதற்குள் யாராவது பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு பேரன் கேட்பான். அங்கேயும் ஒரு பொம்மையைத்தான் காட்ட வேண்டி இருக்கும்!