வால்பாறையில் எரியும் சிவப்பு விளக்கு

2022 டிசம்பரில் மொன்றியல் டவுன்டவுனில் ஐ.நா.வின் பல்லுயிர் மாநாடு நடந்தது ஞாபகம் இருக்கும். சிஓபி 15. அதற்குப் பிறகு பிள்ளைகள் வாயில் '30-30' என்ற வார்த்தை புகுந்துவிட்டது. 2030க்குள் உலக நிலத்தில் 30 சதவீதம், கடலில் 30 சதவீதம் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் புகழ்பெற்ற வரி. நாலாம் வகுப்பில் இருந்த என் மகள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "அப்பா, அந்த 30 பெர்சென்ட்ல ஏற்கெனவே இருக்கிற ஆளுங்க எல்லாம் எங்க போவாங்க?"

நல்ல கேள்வி. மாநாட்டுக்கு வந்த பெரியவர்களே பல நாள் சண்டை போட்ட கேள்வி.

ஒப்பந்தத்தில் மொத்தம் 23 இலக்குகள். 30-30 அதில் மூன்றாவது. நாலாவது இலக்கில், மனிதரும் காட்டுயிரும் மோதிக்கொள்ளாமல் சேர்ந்து வாழ வழி செய்ய வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. பத்தாவது, விவசாயமும் தோட்டப் பயிரும் மரத்தொழிலும் இயற்கையை அழிக்காமல் நடக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் யாரும் போஸ்டரில் போடுவதில்லை. எனக்கு இவைதான் முக்கியமாகப் படுகின்றன. நான் பொள்ளாச்சியில் வளர்ந்தவன். எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் வால்பாறை இந்த இரண்டு வரிகளில்தான் வாழ்கிறது.

வால்பாறை சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். ஒரு காலத்தில் முழுக்க மழைக்காடு. 1890களில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வந்தார்கள், காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். வேலைக்குச் சமவெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிப் போனார்கள். எப்படிக் கூட்டிப் போனார்கள் என்பது பாலாவின் 'பரதேசி' பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்கு அடிப்படையான பி.எச். டேனியலின் நாவல் இந்த மலையைப் பற்றியதுதான். இன்று அங்கே ஏறக்குறைய 70,000 பேர் இருக்கிறார்கள். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். நடுவில் தேயிலை. தேயிலைக்கு நடுவே வெட்டாமல் விட்ட சோலைத் துண்டுகள். யானைக்கு அந்தத் துண்டுகள்தான் வழி.

சொல்லப்போனால் யானைக்கும் தொழிலாளிக்கும் பகை எதுவும் இல்லை. அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் யானையைத் துரத்தப் போனவர்கள் அல்ல. அந்தி நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, லயத்துக்கு நடந்து போகும் வழியில், வளைவில் யானை நிற்பது தெரியாமல் நேரே போய் முட்டிக்கொண்டவர்கள். அதாவது இல்லாமல் போனது தகவல். என் தொழிலில் இது பழகிய கதை: சிஸ்டம் விழுந்தது பெரிய பிரச்சினை இல்லை, விழுந்தது சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் தெரியாததுதான் பிரச்சினை.

மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் எம். ஆனந்த குமாரும் அவர் குழுவும் பிடித்த நூல் இதுதான். வேலி போடவில்லை, பட்டாசு வெடித்து விரட்டவில்லை. யானைக் கூட்டம் இன்று எங்கே என்று கள ஆட்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதை முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் கீழே ஓடும் வரியாகப் போட்டார்கள். பிறகு அந்தப் பகுதியில் இருப்பவர்களின் போனுக்குத் தமிழில் குறுஞ்செய்தி. எழுத்து வாசிக்காதவர்களுக்குக் குரல் அழைப்பு. கடைசியாக, சாலையோர மேடுகளில் சிவப்பு விளக்குகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிம் கார்டு. அந்தப் பகுதியில் பதிவு செய்த ஆட்கள் போன் போட்டால் விளக்கு எரியும். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் தூரத்திலேயே பார்த்துவிட்டு நின்றுகொள்வார். போன் போடுகிறவர் வனத்துறை அதிகாரி அல்ல, அதே லயத்துக்காரர். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான்.

உயிர்ப்பலி கணிசமாகக் குறைந்தது. 2015ல் ஆனந்த குமாருக்கு விட்லி விருது கிடைத்தது. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். லயத்துப் பிள்ளைகள் படித்து மலையிறங்கிவிட்டார்கள். இப்போது இலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ்க் குறுஞ்செய்தி எதற்கு ஆகும்? சிவப்பு விளக்குக்கு மொழி வேண்டாம் என்பது ஒரு ஆறுதல்.

யானை ஏன் வருகிறது என்பதும் இருக்கிறதே. ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் அரிசிக்காக உடைப்பது உண்மை. ஆனால் பகலில் ஒதுங்க நிழலும் தின்ன இலையும் சோலைத் துண்டில் இருந்தால் கூட்டம் அங்கேதான் நிற்கும். அந்தத் துண்டுகளோ உண்ணிச்செடி மூடிக் கிடந்தன. பல துண்டுகள் தோட்டக் கம்பெனிகளின் சொத்து. திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் இருவரும் இருபது வருடத்துக்கு மேலாகக் கம்பெனிகளோடு பேசிப் பேசி, களையை எடுத்து, அந்த மண்ணின் மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். விதைகள் ரோட்டோரத்தில் பொறுக்கியவை. தாரில் விழுந்தால் எப்படியும் முளைக்காதே! சும்மா விட்ட துண்டுகளைவிட இப்படி நட்ட துண்டுகளில் மரவகையும் அதிகம், மரங்கள் பிடித்து வைத்த கார்பனும் அதிகம் என்று அவர்கள் குழு 2019ல் ஆய்வுக் கட்டுரை போட்டது. உள்ளூர் மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டத்தில் இருவாச்சி வருகிறது. வெட்டவெளித் தேயிலைக்கு அது வராது. தேயிலையை உலர்த்த விறகு வேண்டும், அதற்கு யூகலிப்டஸ் வளர்க்கிறார்கள். எந்தச் சரிவில் எப்போது வெட்டுவது என்பதும் யானை வழியைத் தீர்மானிக்கும். தோட்ட மேனேஜரின் டைரிதான் இங்கே பாதிக் காட்டுச் சட்டம்.

நம்மில் பலருடைய அப்பா அம்மா இலங்கையிலிருந்து வந்தவர்கள். வன்னியில் யானை வரும் கதை வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். 2023 ஒரே ஆண்டில் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் போனார்கள். வால்பாறை முறையை அப்படியே தூக்கி அங்கே வைக்க முடியாது. அங்கே வயலும் மின்வேலியும் வெடியும், இங்கே தேயிலையும் லயமும். ஆனாலும் "யானை இருக்கும் இடத்தை ஊருக்கு முன்கூட்டிச் சொல்" என்பதற்குப் பெரிய காசு வேண்டாம். ஆள் வேண்டும், தினமும் வேண்டும். உதவித்தொகை முடிந்ததும் ஆளும் போய்விட்டால் விளக்கு வெறும் கம்பம்தான்.

மகளுக்கு நான் சொன்ன பதில் சின்னது: "எங்கயும் போக மாட்டாங்க, அங்கயேதான் இருப்பாங்க. யானையும் இருக்கும்." விளக்கு படத்தைக் காட்டினேன். "யானைக்கு அது தெரியுமா?" என்றாள். தெரியாது, அது நமக்கு என்றேன்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வால்பாறை போக வேண்டும். ஜூலையில் போனால் மழை அடித்து ஊற்றும், பிள்ளைகளுக்கு ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தி கார்க் கண்ணாடிக்குக் கிட்டேயே வரும், பிஸ்கட் கொடுக்காதீர்கள். யானை ரோட்டில் நின்றால் மற்ற வண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றனவோ அவ்வளவு நேரம் நில்லுங்கள். 2025 பிப்ரவரியில் ஒரு ஜெர்மன் பயணி நிற்காமல் பைக்கில் கடக்கப் பார்த்து உயிரை விட்டார். சாயங்காலம் கிளம்புவதற்கு முன் டீக்கடையில், "அண்ணா, இன்னைக்கு யானை எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.