கடலுக்குப் போகும் தலைக்கு என்ன கட்டுவது?

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒருமுறை பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்களோடு நானும் போனேன். கரையைத் தாண்டி எஞ்சின் வேகம் எடுத்ததும் என் தலையிலிருந்த அகலத் தொப்பியைக் காற்று கொண்டுபோய்விட்டது. எஞ்சின் பிடித்திருந்த பெரியவர் தன்னிடமிருந்த இன்னொரு துண்டைக் கடல்நீரில் நனைத்துப் பிழிந்து என்னிடம் நீட்டினார். “காத்துல தொப்பி நிக்காது தம்பி. துண்டக் கட்டிக்கிடுங்க” என்றார். கட்டிக்கொண்டேன். கரை திரும்பும்வரை மண்டை குளிர்ந்தே இருந்தது. ஆனால் அன்று இரவு மூக்கும் கீழுதடும் எரிந்தன. கண்ணுக்குள் மணலைத் தூவியதுபோல் உறுத்தல் இருந்தது.

பெரியவர் சொன்னது சரிதான். அந்தத் துண்டு காக்காமல் விட்ட இடங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடலுக்குப் போகிறவர் தலையில் எதை அணிவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் காற்றைப் பார்ப்போம். காற்று ஒரு பொருளை அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. கரை திரும்பும் படகுக்கு, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எதிரே வருகிறது என்று வையுங்கள். படகின் வேகமும் காற்றின் வேகமும் கூடி மணிக்கு 36 கி.மீ. ஆனால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 60 நியூட்டன் விசை விழும். 35 செ.மீ. குறுக்களவுள்ள தொப்பியின் விளிம்பு நிமிர்ந்து அந்தக் காற்றை முழுதாக ஏந்தினால், அதை 600 கிராம் எடையைத் தூக்கும் அளவு விசை இழுக்கும். தொப்பியின் எடையோ 100 கிராம் இருந்தால் அதிகம். தாடைக்குக் கீழே நாடா இல்லாத அகலத் தொப்பி படகில் நிற்காது. தலையோடு ஒட்டிக் கிடக்கும் துண்டைப் பிடித்துத் தூக்கக் காற்றுக்குப் பிடிமானம் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள் துண்டை விடாததற்கு இது ஒரு வலுவான காரணம்.

இன்னொரு காரணம் குளிர்ச்சி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஈரத்துண்டு அந்த வெப்பத்தில் ஒரு பங்கை நம் தலையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கடற்கரை ஊருக்குள் காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை காயாமல் வழியும். ஓடும் படகில் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் ஈரம் விரைவாகக் காயும். வெப்பத்தைப் பொறுத்தவரை ஈரத்துண்டை மிஞ்சும் தலையணி கிடைப்பது அரிது.

ஆனால் வெயில் என்பது வெப்பம் மட்டுமல்ல. தோலையும் கண்ணையும் கெடுப்பது புற ஊதாக் கதிர். அது சுடாது, கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும்போது, வெயில் உறைக்கவில்லை என்று நாம் நம்பும் நேரத்திலும் அது வேலை செய்துகொண்டிருக்கும். மெல்லிய மேகத்தை ஊடுருவி அதில் பத்தில் ஒன்பது பங்குவரை இறங்கிவிடும். தமிழ்நாட்டில் ஏப்ரல் மாதம் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; கன்னியாகுமரியில் 10ஆம் தேதி வாக்கில், சென்னையில் 24ஆம் தேதி வாக்கில். அந்த நாளின் உச்சிவேளையில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் கடலுக்குப் போவது நாட்டுப்படகும் வள்ளமும்தான். விசைப்படகிலாவது ஒதுங்க ஓர் அறை உண்டு. நாட்டுப்படகிலும் வள்ளத்திலும் அணியம் முதல் பின்தலை வரை ஒரு சாண் நிழல் கிடையாது. ஆண்டிலேயே சூரியன் மிக உயரத்தில் நிற்கும் நாட்களில், கூரையே இல்லாத படகுகளில் மனிதர்கள் கடலுக்குப் போகிறார்கள்.

கடல்நீர் கண்ணாடிபோல் வெயிலைத் திருப்பியடிப்பதால்தான் கடலில் தோல் கறுக்கிறது என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அளந்து பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள். அமைதியான நீர்ப்பரப்பு புற ஊதாக் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. கரையின் காய்ந்த மணல் 15 விழுக்காடு அனுப்பும். கரைவலை இழுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அலை உடைந்து நுரைக்கும் இடத்தில் அது 25 விழுக்காடு. உண்மையில் பெரும் பங்கு வருவது திறந்த வானத்திலிருந்து. அலைநீளம் குறையக் குறைய ஒளியைக் காற்று மூலக்கூறுகள் மிகுதியாகச் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். நீலத்தைவிடக் குறுகிய அலைநீளம் கொண்ட புற ஊதா இன்னும் அதிகமாகச் சிதறுகிறது. ஆகவே நம்மேல் விழும் புற ஊதாவில் ஏறத்தாழ பாதி சூரியனிடமிருந்து நேராக வருவதில்லை. வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. ஊருக்குள் மரமும் சுவரும் வானத்தில் பெரும்பகுதியை மறைத்துவிடும். கடலில் எதுவும் மறைக்காது.

தொப்பி எவ்வளவு காக்கும், எவ்வளவு காக்காது என்பது இங்கேதான் புரியும். அது நேர்வெயிலைத் தடுக்கும். பக்கவாட்டு வானத்தைத் தடுக்காது. 1992இல் பிரிட்டனில் டிஃபி, சீஸ்மன் என்ற இருவர் பலவகைத் தொப்பிகளை மாதிரித் தலைகளில் மாட்டி அளந்தார்கள். விளிம்பு ஏழரை செ.மீ.க்கு மேல் அகலமான தொப்பி, மூக்கில் விழும் கதிரை ஏழில் ஒரு பங்காகவும், கன்னத்தில் மூன்றில் ஒரு பங்காகவும், பின்கழுத்தில் ஐந்தில் ஒரு பங்காகவும் குறைத்தது. மோவாயில் பாதிதான் குறைந்தது. விளிம்பு இரண்டரை செ.மீ.க்கும் குறைந்த தொப்பியால் சொல்லும்படியான பயன் இல்லை. கிரிக்கெட் தொப்பி மூக்கைக் காக்கும். காதையும் கழுத்தையும் அப்படியே வெயிலுக்குக் கொடுத்துவிடும்.

கணக்குப் போட்டாலும் இது விளங்கும். சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் இருக்கும்போது ஏழரை செ.மீ. விளிம்பின் நிழல் முகத்தில் 13 செ.மீ. இறங்கும், அதாவது மோவாய் வரை. சூரியன் 40 பாகையில் இருந்தால் நிழல் 6 செ.மீ.தான். அது கண்ணைத் தாண்டி மூக்கின் நடுவோடு நின்றுவிடும். கீழுதடு வெளியே கிடக்கும். கீழுதடு சற்று முன்தள்ளி மேல்நோக்கி இருப்பது, மெல்லிய தோல், நிறமியும் குறைவு. ஆண்டுக்கணக்கில் வெயிலில் வேலை செய்யும் மீனவர்களுக்கும் உழவர்களுக்கும் கீழுதடு வறண்டு, வெடித்து, ஆறாத வெண்திட்டாக மாறுவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. அதைப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவே எண்ணிக் கவனிப்பார்கள்.

“நம் தோல் கறுப்பு, நமக்கு ஒன்றும் ஆகாது” என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மெலனின் நல்ல கேடயம். வெள்ளைத்தோல்காரர்கள் நிறைந்த ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. மங்கு வரும், சுருக்கம் வரும், அவ்வளவுதான் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் கண்ணின் முன்பகுதியும் உள்ளிருக்கும் வில்லையும் தெளிவாக இருந்தாக வேண்டியவை. அங்கே மெலனின் திரை போட முடியாது. எந்த நிறத்தவருக்கும் கண் திறந்துதான் இருக்கிறது.

இதைக் காட்டிய ஆய்வு மீனவர்களிடமே நடந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசபீக் என்ற பெரிய விரிகுடா உண்டு. நண்டும் சிப்பியும் எடுத்துப் பிழைக்கும் மக்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கண் மருத்துவர் ஹியூ டெய்லரும் அவருடைய குழுவினரும் அவர்களில் 838 பேரின் கண்களைச் சோதித்தார்கள். ஒவ்வொருவரும் எந்த வயதிலிருந்து, எந்தப் பருவத்தில், எத்தனை மணி நேரம் நீர்மேல் இருந்தார், தொப்பி போட்டாரா, கண்ணாடி போட்டாரா என்று வாழ்நாள் கணக்கையே எடுத்தார்கள். முடிவு 1988இல் வெளிவந்தது. கண்ணில் பட்ட புற ஊதாவின் பி வகைக் கதிரின் மொத்த அளவு இரட்டித்தால், வில்லையின் புறணியில் உண்டாகும் கண்புரைக்கான ஆபத்து 1.6 மடங்கானது. எல்லாவகைக் கண்புரைக்கும் இது பொருந்தாது. வில்லையின் நடுக்கருவில் வரும் புரைக்கும் வெயிலுக்கும் அவர்கள் தொடர்பு காணவில்லை. ஆயினும் ஒரே கடலில், ஒரே தொழிலில் இருந்தவர்களுக்குள்ளேயே கண் எவ்வளவு வெயிலை வாங்கியது என்பது பார்வையைத் தீர்மானித்திருக்கிறது. விளிம்புள்ள தொப்பி கண்ணுக்குள் போகும் கதிரை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தலையில் எதைப் போடுகிறோம் என்பது அறுபது வயதில் வலைக்கண்ணைப் பார்த்துப் பொத்த முடியுமா என்ற கேள்வியோடு இணைந்தது.

எந்த நேரத்தில் கண்ணுக்கு ஆபத்து மிகுதி? உச்சிவேளை என்றுதான் யாரும் சொல்வோம். ஜப்பானில் கனசாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி சசாகி குழுவினர் பொம்மைத் தலையின் கண்ணில் உணர்கருவி பொருத்தி அளந்தபோது, சூரியனைப் பார்த்து நிற்கும் கண்ணில் கதிர் உச்சத்தைத் தொட்டது சூரியன் 40 பாகை உயரத்தில் இருந்தபோது. நம் கணக்கில் அது காலை ஒன்பது மணியையும் பிற்பகல் மூன்றரையையும் ஒட்டிய நேரம். உச்சிவேளையில் புருவ எலும்பும் இமையும் கண்ணுக்கு இயற்கையான கூரையாகிவிடுகின்றன. விடிகாலையில் போய்க் காலை ஒன்பதுக்குக் கரை சேர்கிறவர்களும், அதனால், தலையணி வேண்டாம் என்று இருந்துவிட முடியாது.

மீனவர் ஊர்களில் ‘கண்ணில் சதை வளருது’ என்று சொல்வார்கள். வெள்ளை விழியிலிருந்து ஒரு சதை கருவிழிமேல் முக்கோணமாக ஏறும். அது பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்தே வளர்கிறது. காரணத்தை விளக்கியவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ. காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழியின் வளைவு உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் குவித்து, எதிர்ப்புறமான மூக்கோரத்தில் பாய்ச்சுகிறது. அங்கே ஒளியின் செறிவு 20 மடங்குவரை கூடலாம். முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள தொப்பி இதைத் தடுக்காது. சுற்றிலும் விளிம்பு வேண்டும்; பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி இருந்தால் நல்லது. கறுப்புக் கண்ணாடிதான் வேண்டும் என்பதும் இல்லை. பட்டறையில் அணியும் நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடியே புற ஊதாவை ஏறத்தாழ முழுதாக நிறுத்திவிடும்.

இனித் துணி. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி காய்ந்திருக்கும்போது புற ஊதாவில் ஐந்தில் ஒரு பங்கை உள்ளே விடும். நனைந்தால் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடும். நனைந்த வெள்ளை வேட்டி உடம்பைக் காட்டுவது நாம் அறிந்ததே. இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்போது ஒளி சிதறித் திரும்பும். அங்கே நீர் புகுந்ததும் சிதறல் குறைந்து ஒளி நேரே போகும். ஆகவே ஈரத்துண்டு கட்டுகிறவர் அதை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்ட வேண்டும். ஒரு மடிப்பு மூன்றில் ஒன்றை விட்டால், இரண்டு மடிப்பு ஒன்பதில் ஒன்றைத்தான் விடும். அடர்நெசவும் அடர்நிறமும் கதிரை நன்றாகத் தடுக்கும். கடையில் வாங்கும்போது துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், அந்தத் துளை வழியே கதிரும் வரும். பக்கமெல்லாம் வலைத்துணி வைத்துத் தைத்த தொப்பிகள் காற்றோட்டத்துக்கு நல்லவை, கடலுக்கு ஏற்றவை அல்ல.

இத்தனையும் பார்த்த பிறகு நான் தேர்ந்தெடுப்பது தொப்பியும் துண்டும் சேர்ந்ததைத்தான். மடித்த ஈரத்துண்டை முதலில் தலையில் போட்டு, காதும் பின்கழுத்தும் மறையத் தொங்கவிட வேண்டும். அதன்மேல் சுற்றிலும் ஏழரை செ.மீ. விளிம்புள்ள, காற்றில் மடங்காத தொப்பி. விளிம்பின் மேற்புறம் வெளிர்நிறமாகவும் அடிப்புறம் கருநிறமாகவும் இருந்தால் நீரின் கூச்சம் கண்ணுக்குக் குறையும். தாடைக்குக் கீழே நாடா. அவிழ்ந்தால் கடலில் விழாதபடி சட்டைக் காலரோடு ஒரு கயிறு.

விலை உயர்ந்த பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை. நெருக்கமாக முடைந்த பனையோலைத் தொப்பி இவற்றில் பலவற்றை இயல்பாகவே தருகிறது: ஒளி புகாது, விறைப்பானது, கனமில்லாதது. வியட்நாமின் கூம்புத் தொப்பியும் ஓலையால் ஆனதே. அதன் நாடாதான் காற்றில் அதை நிறுத்துகிறது. ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பனையும் உண்டு, முடையும் கைகளும் உண்டு, கடலுக்குப் போகும் தலைகளும் உண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் பனைத்தொழில் செய்கிறவர்களும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து, படகில் அணிவதற்கென்றே நாடாவோடு ஓர் ஓலைத்தொப்பியைச் செய்து பார்க்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டோடு அதையும் ஒவ்வொரு படகிலும் வையுங்கள். அடுத்த ஏப்ரலில் நிழலில்லா நாள் வருவதற்கு முன் அது கரைக்கு வந்து சேரட்டும்.