கேஸ் எங்கே போச்சு? ஏ.சி. பற்றி உங்களுக்குத் தெரியுமா?

ஏ.சி.யில் இருக்கும் கேஸ், சிலிண்டர் கேஸ் மாதிரி எரிந்து தீர்கிற சங்கதி இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் ஒரே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது குறைந்திருந்தால் எங்கோ லீக் என்று பொருள். ஆகவே ‘கேஸ் போச்சு சார், ஃபுல்லா ஃபில் பண்ணணும்’ என்று மெக்கானிக் சொன்னால், எவ்வளவு ஆகும் என்று கேட்கும் முன் எங்கே லீக் என்று கேளுங்கள். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே பில் வரும்.

★

லீக்கைத் தேடப் பெரிய கருவி வேண்டியதில்லை. செப்புக் குழாயும் மெஷினும் சேரும் இடத்தில் பித்தளை நட்டு இருக்கும். அதன்மேல் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் போதும், லீக் இருந்தால் குமிழ் விடும். சரியாக முறுக்காத இந்த நட்டுதான் பல வீடுகளில் குற்றவாளி.

★

நட்டு நன்றாக இருந்தும் கேஸ் போகிறதா? குழாய்ச் சுருளான காயிலைச் சந்தேகிக்கலாம். செப்புக் குழாய்க்கு ஒரு விசித்திர நோய் உண்டு. வெளியே ஊசிமுனை அளவுப் புள்ளிதான் தெரியும். குழாயை அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால், உலோகத்துக்குள்ளே எறும்புப் புற்று போலக் கிளை கிளையாகச் சுரங்கம் ஓடியிருக்கும். இதற்குக் காரணம் ஃபார்மிக், அசிட்டிக் போன்ற அமிலங்களின் ஆவி. எறும்பிலிருந்துதான் ஃபார்மிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தார்கள் என்பது ஒரு வேடிக்கைப் பொருத்தம். வீட்டுக்குள் அந்த ஆவி எப்படி வருகிறது? பெயின்ட், பசை, பிளைவுட், தரை துடைக்கும் திரவம் எல்லாம் மெல்ல மெல்லக் கக்குகின்றன. ஈரமான காயில் அதைப் பிடித்துக்கொள்கிறது. புதிதாக மரவேலை செய்த அறையில் கொஞ்ச நாளைக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். புது ஏ.சி.யைக் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம்.

★

இன்டோர் காயிலில் ஐஸ் கட்டினால் ‘சூப்பராகக் கூலாகிறது’ என்று மகிழாதீர்கள். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், ஃபில்டர் அடைத்துக் காற்று போகாவிட்டாலும் ஐஸ் கட்டும். முதலில் செலவில்லாததைப் பார்ப்பதுதானே முறை? கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் ஓடவிட்டு, ஐஸ் உருகியதும் ஃபில்டரைக் கழற்றுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடும் வீடு என்றால் வலையைத் தொட்டதுமே விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். வெறும் தண்ணீரைக் காட்டினால் அது போகாது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும், பழைய டூத் பிரஷும் வேண்டும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். கோடையில் இதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்கிற வீட்டுக்கு மெக்கானிக் அடிக்கடி வரமாட்டார்.

★

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்ததுண்டா? எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருக்கும். ஆர்-22 மெஷினில் ஆர்-32 ஏற்றக் கூடாது. ஆர்-32, ஆர்-410ஏ இரண்டின் அழுத்தமும் ஆர்-22ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. ஆர்-290 என்பது சாட்சாத் புரோப்பேன், எளிதில் பற்றிக்கொள்ளும். கேஸைக் குத்துமதிப்பாக ஏற்றாமல் தராசில் வைத்து நிறுத்து ஏற்றுகிறவர் தொழில் தெரிந்தவர். ஏற்றும் முன் வேக்கம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கவும் வேண்டும். ‘அதெல்லாம் வேணாம் சார்’ என்பவரை ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

★

லீக் டெஸ்டுக்கு வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது தூக்கி வந்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். கம்ப்ரஸருக்குள் ஆயில் இருக்கிறது. அழுத்தத்தில் ஆயிலும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். இந்த வேலைக்கு நைட்ரஜன் மட்டுமே.

★

ஒன்றரை டன் ஏ.சி. என்றால் அது ஏ.சி.யின் எடை இல்லை. ஏறக்குறைய 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் ஒரு டன். அந்தக் கணக்குப்படி உங்கள் ஒன்றரை டன் மெஷின் மணிக்குச் சுமார் 57 கிலோ ஐஸ் உருகுகிற வேலையைச் செய்கிறது. மெட்ராஸில் ஐஸே கப்பலில் வந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பாளங்களை மரத்தூளில் பொதிந்து அனுப்பினார் ஃபிரெடெரிக் டியூடர். இறக்கி வைக்க 1842இல் கடற்கரை ஓரம் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

★

புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் வடிப்பது சகஜம். பால்கனி பக்கெட் நிறைவது கோளாறு இல்லை. ஏ.சி. ஓடியும் சென்னை ஆகஸ்டில் பக்கெட் காய்ந்து கிடந்தால்தான் கவலை. ஒன்று கூலிங் இல்லை, அல்லது டிரெய்ன் பைப்பில் பாசி அடைத்துத் தண்ணீர் வீட்டுக்குள் சுவரோரம் வழியப்போகிறது. பக்கெட்டில் சேரும் தண்ணீரால் தரை துடைக்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றாதீர்கள். காயிலின் தூசியும் உலோகத் துணுக்கும் அதில் கலந்திருக்கும்.

★

1902இல் வில்லிஸ் கேரியர் முதல் ஏ.சி.யை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் படுத்தின. மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும் டிரை மோடு போடும்போது அந்தக் காகிதத்துக்குக் கிடைத்த சுகம்தான் நமக்கும்.

★

அவுட்டோரில் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு அடங்குகிறது. பழைய மாடல் ஏ.சி.யில் இது பெரும்பாலும் கெப்பாசிட்டர். சில நூறு ரூபாய் சமாச்சாரம், கம்ப்ரஸரே போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். நீங்களே கை வைக்கவும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும்.

★

இன்வெர்ட்டர் ஏ.சி.யின் பி.சி.பி. போர்டுக்குப் பரம எதிரி பல்லி. கதகதப்பு தேடி உள்ளே போய் இரண்டு முனைகளைச் சேர்த்து மிதித்தால் பல்லியும் போச்சு, போர்டும் போச்சு. வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி அடைத்து வைத்தால் போதும்.

★

16 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. ஒரே வேகத்தில் ஓடும் ஏ.சி. 16க்கும் 24க்கும் அதே காற்றைத்தான் விடும், 16இல் நிற்காமல் ஓடும் என்பதே வித்தியாசம். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரையோடு வரும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அதற்குப் பிறகு கூட்டிக் குறைப்பது நம் கையில்.

★

ஆஃப் செய்ததும் ‘உஸ்’ என்று சத்தம், அவ்வப்போது ‘டிக் டிக்’. முதலாவது, கேஸ் அழுத்தம் சமமாவது. இரண்டாவது, பிளாஸ்டிக் சுருங்கி விரிவது. இரண்டுக்கும் மருந்து தேவையில்லை.

★

ரிமோட்டை அழுத்தினால் ஏ.சி. அசையவில்லையா? செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு எதிரே ரிமோட்டின் மூக்கைக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் அகச்சிவப்பு ஒளி திரையில் ஊதா மினுக்காகத் தெரியும். மினுக்கினால் கோளாறு ஏ.சி. பக்கம். மினுக்காவிட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், விசிட்டிங் சார்ஜ் மிச்சம்.