‘ஓவராயில்’ என்றால் எண்ணெய் ஊற்றுவது அல்ல

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே குயிலாப்பாளையம் சென்று, ஆரோவில்லின் செம்மண் பாதைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பும் மிதிவண்டியில் இரண்டு நிலங்களின் அடையாளம் இருக்கும்: சக்கரத்தில் செம்புழுதி, கைப்பிடியில் உப்பு. அந்தப் பாதையில் பல ஆண்டுகள் சென்றுவந்தவன் நான். வாரந்தோறும் சங்கிலியில் தாராளமாக எண்ணெய் ஊற்றுவதையே பராமரிப்பு என்று நம்பியிருந்தேன். ஒருநாள், பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் என் சங்கிலியை விரலால் வழித்து, அதில் ஒட்டிய கரும்பசையைக் காட்டினார். “எண்ணெய் இல்லாமல் தேயவில்லை, சார். எண்ணெய் அதிகமாகித் தேய்ந்திருக்கிறது” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எளிது. மணல்துகளில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது சாதாரண இரும்பைவிடக் கடினமானது. உலர்ந்த புழுதி சங்கிலியில் பட்டால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எண்ணெய் வழியும் சங்கிலியிலோ அது ஒட்டிக்கொள்கிறது. எண்ணெயும் மணலும் கலந்தால் கிடைப்பது மசகு அல்ல, உலோகத்தை அராவும் பசை. ஒவ்வொரு மிதியிலும் நாமே நம் சங்கிலியை அராவிக்கொண்டிருக்கிறோம்.

பாலைவனப் பகுதிகளில் மிதிவண்டி ஓட்டுபவர்கள் எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு, உலர் மசகு ஆகியவற்றை நாடுவது இதனால்தான். ஆனால், அந்த அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பாலைவனக் காற்று வறண்டது. துரு அங்கே பெரிய கவலை அல்ல. புதுச்சேரியிலோ கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படியவைக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். அடுக்களை உப்பு ஜாடியில் நாம் பார்ப்பது இதைத்தான். மழையே பெய்யாவிட்டாலும் இரவெல்லாம் வாசலில் நிற்கும் மிதிவண்டி உப்புநீரில் நனைந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் மிகுந்தால் புழுதி தின்னும். எண்ணெய் இல்லாவிட்டால் துரு தின்னும்.

தீர்வு, எண்ணெய் எங்கே இருக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. 1880இல் ஹான்ஸ் ரெனால்ட் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற உருளைச் சங்கிலியின் வழிவந்ததே நம் மிதிவண்டிச் சங்கிலி. அதில் நூறுக்கும் மேற்பட்ட மூட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு உருளை, அதனுள் ஓர் ஊசி. உராய்வு நிகழ்வது உள்ளே. எண்ணெய் தேவைப்படுவதும் அங்கேதான். முதலில் சங்கிலியைத் துணியால் துடைக்க வேண்டும். அழுக்கு ஏறியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் தேய்த்து, நன்கு உலரவிட வேண்டும். பிறகு உருளைக்கு ஒரு சொட்டு வீதம் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயை விட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். சில மணி நேரம் கழித்து, வெளிப்புறத்தைப் பனியன் வேஸ்ட்டால் அழுந்தத் துடைத்துவிட வேண்டும். தொட்டால் விரலில் கறை படியாத சங்கிலியே நல்ல சங்கிலி. பலர் ஊற்றும் பழைய எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள்கள் கலந்திருக்கும். அதைத் தவிர்ப்பது நல்லது.

தேய்மானத்தை அறிய ஓர் அளவுகோல் போதும். புதிய சங்கிலியில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து அளந்தால், சரியாக 12 அங்குலத்தில் இன்னோர் ஊசியின் நடுப்பகுதி வரும். அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தால் சங்கிலியை மாற்றிவிட வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தள்ளிப்போகும்வரை விட்டுவிட்டால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும்; செலவு பன்மடங்காகும்.

சைக்கிள் கடைகளில் புழங்கும் ‘ஓவராயில்’ என்ற சொல்லை எண்ணெயோடு தொடர்புடையது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ‘ஓவர்ஹால்’ என்பதன் மரூஉ அது. ஆக்சில், பெடல், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் கழற்றி, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்ததை மாற்றி, புதிய கிரீஸ் வைத்துப் பூட்டுவது. இவ்வூரில் ஆண்டுக்கு இரு முறையாவது அது தேவை: ஆடிக்காற்றின் புழுதி அடங்கிய பின் ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஒன்று. இடைப்பட்ட காலத்தில் உப்பை நீக்க, நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். குழாய்நீரைப் பீய்ச்சி அடித்தால் புழுதியும் நீரும் சேர்ந்து குண்டுகளுக்குள் புகுந்துவிடும்.

பழைய கறுப்பு மிதிவண்டிகளின் முழுச் சங்கிலி உறையையும் அகன்ற மட்கார்டையும் ‘பழைய பாணி’ என்று ஒதுக்கிவிட்டோம். அவை அலங்காரம் அல்ல. புழுதி நிலத்துக்கான கவசம். உறையற்ற சங்கிலியோடு கியர் வண்டி வாங்குபவர்கள், அந்த உறை செய்த வேலையைத் தாங்களே செய்ய வேண்டும்.

பொழுதுபோக்குக்காக ஓட்டுபவனுக்குத் தேய்ந்த சங்கிலி ஒரு செலவு மட்டுமே. அதிகாலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வரும் கட்டுமானத் தொழிலாளிக்கும், இரவுப்பணி முடிந்து திரும்பும் காவலாளிக்கும் அப்படி அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடக்கும் நொடியில் சங்கிலி கழன்றால், பின்னால் வரும் பேருந்து காத்திருக்காது. வேலைக்குப் போகும் வண்டி ஒருநாள் நின்றால் கூலியும் நிற்கும்.

புதுச்சேரியைச் சூழ்ந்துள்ள தமிழகப் பகுதிகளில் பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டிகளை வழங்கிவருகிறது. நல்ல திட்டம். வண்டியோடு ஒரு மணி நேரப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? பள்ளிக்கு அருகிலேயே கடை வைத்திருக்கும் சைக்கிள் தொழிலாளியை அழைத்து, உரிய மதிப்பூதியம் தந்து, சங்கிலியைத் துடைக்கவும் அளக்கவும் மாணவர்களுக்குக் கற்றுத்தரச் சொல்லலாம். அந்தத் தொழிலாளியின் அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. இந்த மண்ணும் இந்தக் காற்றும் அவருக்குக் கற்பித்தது. அவரது கடை மூடப்படுவதற்குள் அதைக் கேட்டுக்கொள்வது நமக்கு நல்லது.