பொய் சொல்லும் பாக்டீரியாவைப் பிடிப்பது எப்படி?

குழந்தையின் டயப்பர் ஈரத்தை உறிஞ்சுகிறதே, அந்தப் பொடி அக்ரிலேட்டிலிருந்து வருகிறது, அக்ரிலேட் பெட்ரோலியத்திலிருந்து. சர்க்கரை தின்னும் ஈ.கோலி பாக்டீரியாவையும் அதைச் சுரக்க வைக்கலாம். மரபணுக்களை மாற்றி மாற்றிப் பத்து லட்சம் ரகங்களை உண்டாக்குவது இன்று பெரிய காரியமில்லை. அவற்றில் எது நன்றாகச் சுரக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கலவையைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபி கருவியில் ஒரு மாதிரிக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சத்துக்கு 19 ஆண்டுகள்!

செல்லையே சொல்ல வைத்தால்? ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச் குழு இந்த வழியில் இறங்கியது. அதற்கான சாமான் பாக்டீரியாவிடமே இருக்கிறது. லாக்டோஸைச் செரிக்கும் மரபணுக்களின் வாசலில் ஒரு புரதம் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும். லாக்டோஸ் உள்ளே வந்தால், அதிலிருந்து உண்டாகும் ஒரு சர்க்கரை புரதத்தில் ஒட்டும், பூட்டு கழன்றுகொள்ளும். 1961-இல் ழாக்கோப், மோனோ இருவரும் விளக்கிய ஏற்பாடு இது. பூட்டுக்குப் பின்னால் ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரத மரபணுவை வைத்தால், சாவி வந்ததும் செல் மின்னும். அக்ரிலேட், திராட்சைப்பழ வகைகளில் உள்ள நரிஞ்செனின், ஆன்டிபயாடிக்கான எரித்ரோமைசின் என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பூட்டுகள் வெவ்வேறு பாக்டீரியாக்களில் கிடைத்தன. பொருத்தமானது கிடைக்காதபோது, லாக்டோஸ் பூட்டையே திருத்தி, சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்புக்குத் திறக்கும்படி செய்தார்கள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. பூட்டு உடைந்துபோன செல், ஒன்றுமே சுரக்காமல் சுரந்ததாகச் சொல்லும். இந்த ஏமாற்றுக்காரர்களுக்கு, சர்ச் குழுவிலிருந்த ஸ்ரீவத்சன் ராமனும் கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட பொறி அபாரம். ஒளிர்புரதத்துக்குப் பதில் டோல்-சி என்ற புரதத்தை வைத்தார்கள். சோப்புச் சரக்கான சோடியம் டோடெசில் சல்ஃபேட்டிலிருந்து செல்லைக் காப்பது டோல்-சி. கோலிசின் என்ற நஞ்சு உள்ளே நுழையும் வாசலும் அதுவே. முதலில் உற்பத்தியை நிறுத்திவைத்துக் கோலிசின் ஊற்றுகிறார்கள். அப்போதும் டோல்-சி இருந்தால் அது பொய்க்கணக்கு. அந்தச் செல் சாகும். பிறகு உற்பத்தியைத் தொடங்கி சோப்புச் சரக்கை ஊற்றினால், உண்மையாகவே சுரப்பவை மட்டும் பிழைக்கும். இப்படிச் சில சுற்றுகளில் நரிஞ்செனின் உற்பத்தி 36 மடங்கும் குளூக்காரிக் அமில உற்பத்தி 22 மடங்கும் ஏறின.

இன்னொரு தொல்லையும் உண்டு. சுரந்த பொருள் கசிந்து பக்கத்துச் செல்லுக்குள் போனால், சோம்பேறியும் மின்னும். அதனால் ஒவ்வொரு செல்லையும் எண்ணெயில் மிதக்கும் தனித்தனி நீர்த்துளிக்குள் அடைத்துச் சோதிக்கும் முறையும் இருக்கிறது.