உங்களுக்குத் தெரியுமா? அளக்கப் போனால் அளவு மாறும்!

9 வோல்ட் பேட்டரியோடு ஒரே மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் 4.5 வோல்ட். பள்ளிக்கணக்கு இது, சரியான கணக்கும்கூட.

இப்போது பழுப்பு, கறுப்பு, பச்சைப் பட்டை போட்ட 1 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை எடுத்துச் செய்து பாருங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரின் முனைகளை ஒன்றின் இரு கால்களிலும் வைத்தால் திரையில் 4.3-க்குச் சற்றுக் குறைவாக வரும். மற்றதிலும் அதேதான். இரண்டையும் கூட்டினால் 9 வரவில்லை, 8.6-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது! மிச்சம் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. பல மல்டிமீட்டர்களுக்கு உள்ளேயே சுமார் 10 மெகா ஓம் மின்தடை இருக்கிறது. முனையை வைத்ததும் அது உங்கள் ரெசிஸ்டருக்குப் பக்க இணைப்பாகச் சேர்ந்து, அந்த 1 மெகா ஓமை ஏறக்குறைய 0.91 ஆகக் குறைத்துவிடுகிறது. தடை குறைந்த இடத்தில் வோல்ட்டும் குறையும். மீட்டர் பொய் சொல்லவில்லை, தான் நுழைந்த பிறகு இருக்கும் சுற்றை உண்மையாகவே காட்டுகிறது.

அதனால் பழகுவதற்கு 1 கிலோ ஓம் முதல் 10 கிலோ ஓம் வரையுள்ளவற்றையே எடுங்கள். மீட்டரின் தலையீடு கண்ணுக்கே தெரியாது. அப்போதும் சிறு வித்தியாசம் வந்தால் தங்கநிறப் பட்டையைப் பாருங்கள்: 5 சதவீதம் கூடலாம், குறையலாம் என்று அர்த்தம். ஓம் அளக்கும்போது மட்டும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.