புறம்போக்கு: ஃபூக்கோ வழி ஒரு பார்வை

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ (1926-1984) அதிகாரத்தை அரண்மனையில் மட்டும் தேடினாரல்லர். மருத்துவம், சிறை, பள்ளி ஆகியவற்றின் பதிவேடுகளிலும் தேடினார். அறிவாகப் பதிவாவதே அதிகாரமாகவும் இயங்கும். இயங்குமிடத்தே எதிர்ப்பும் முளைக்கும் என்பது அவர் கருத்து. இதற்குச் சான்று நம் எண்ணூரிலேயே உண்டு.

ஏரி, மேய்ச்சல்வெளி முதலிய வரி விதிக்கப்படாத பொதுநிலத்தை வருவாய்த்துறை 'புறம்போக்கு' என்று பதிந்தது. நாளடைவில் அச்சொல் மனிதரை ஏசும் வசையாயிற்று. பயனற்றதென்று பெயரிட்டுவிட்டால் நிரப்புவது எளிதன்றோ! மீனவர்க்கு வயலாகிய கொசத்தலையாற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. இதில் வரைபடத்தை நிலவியலார் ஆராயலாம், பட்டாவைச் சட்டத்தார் ஆராயலாம். வசையான சொல் தமிழ்த்துறையின் பங்கு. 2017இல் கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' அவ்வசையையே உரிமைப் பெயராக ஏற்றுக்கொண்டது.